இப் மேன்: 56 வயதில் பள்ளி திறந்த ஆசான்

சீனத் தற்காப்புக் கலை ஆசான் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் பெரும்பாலும் திரைப்படங்கள் தந்ததுதான். நீண்ட கறுப்பு அங்கி, சலனமற்ற முகம், பத்துப் பேரை ஒரே மூச்சில் வீழ்த்தும் கைகள் என்று அந்த உருவம் வளர்ந்திருக்கிறது. 2008-இல் டோனி யென் நடிப்பில் வெளிவந்த படத்துக்குப் பிறகு அந்த உருவத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் இப் மேன். மறுபுறம், 2017 ஏப்ரலில் செங்டு நகரில் சு சியாவோடோங் என்ற நவீனக் கலப்புச் சண்டை வீரர், தம்மை தாய்ச்சி ஆசான் என்று அறிவித்துக்கொண்ட ஒருவரை அரை நிமிடத்துக்குள் தரையில் சாய்த்த காணொளி பரவியபோது, ‘இந்த ஆசான்கள் எல்லாருமே வெறும் வேஷமா?’ என்ற கேள்வியும் அதே வேகத்தில் பரவியது.

வெல்ல முடியாத வீரர், வெறும் வேடதாரி என்ற இரண்டு முடிவுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறான எண்ணம். ஆசான் என்பவர் சண்டையில் வென்று அந்தப் பட்டத்தைப் பெறுபவர் என்று இருதரப்பினருமே கொள்கின்றனர். மரபுவழிச் சீனக் கலைகளில் அந்தச் சொல்லின் பொருளே வேறு என்பதை, ‘விங் சுன்’ என்னும் தென்சீனத் தற்காப்புக் கலையைக் கற்பித்த இப் மேனின் வாழ்க்கையைப் படத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தால் விளங்கிக்கொள்ளலாம்.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. ‘சூப்பர்மேன்’, ‘ஸ்பைடர்மேன்’ வரிசையில் வரும் ‘மேன்’ அல்ல இது. கான்டனீஸ் மொழியில் ‘யிப்’ குடும்பப் பெயர். அதற்கு இலை என்று பொருள். ‘மான்’ இயற்பெயர், அதற்குக் கேள்வி கேட்டல் என்று பொருள். தமிழில் ‘இப் மேன்’ என்றே பழகிவிட்டதால் இக்கட்டுரையும் அவ்வாறே எழுதுகிறது.

‘சிஃபு’ என்பது பட்டமா, உறவா?

கான்டனீஸில் ஆசானைக் குறிக்கும் ‘சிஃபு’ என்ற சொல் ஒரே ஒலியில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. முதல் வகையில் அது கைதேர்ந்த தொழிலாளரைக் குறிக்கும். ஹாங்காங்கில் சமையற்காரர், மின்பணியாளர், டாக்சி ஓட்டுநர் எல்லாருமே இந்த மரியாதைச் சொல்லால் அழைக்கப்படுகிறவர்கள். இரண்டாம் வகையில், சொல்லின் பின்பாதி ‘தந்தை’ என்ற எழுத்தாக மாறிவிடுகிறது. தற்காப்புக் கலையில் சீடர் தம் ஆசானை எழுத்தில் குறிப்பிடுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

தந்தை என்று ஒருவரைக் கொண்டுவிட்டால், மற்ற உறவுகளும் தாமே வந்து சேர்கின்றன. ஆசானின் மனைவி ‘சிமோ’, ஆசானின் ஆசான் ‘சிகுங்’, முன்னர்ச் சேர்ந்த மாணவர் ‘சிஹிங்’ என்னும் அண்ணன், பின்னர்ச் சேர்ந்தவர் ‘சிடாய்’ என்னும் தம்பி. இங்கே மூப்பு வயதைப் பொறுத்ததன்று. சேர்ந்த நாளைப் பொறுத்தது. இருபது வயதில் முதலில் சேர்ந்தவருக்கு, நாற்பது வயதில் பிறகு சேர்ந்தவர் தம்பிதான். ‘பாய் சி’ எனப்படும் சடங்கில் மாணவர் மண்டியிட்டுத் தேநீர் வழங்குகிறார். ஆசான் அதை வாங்கிப் பருகியதும் அவர் குடும்பத்துள் ஒருவராகிறார். காணிக்கை சிவப்பு உறைக்குள் வைத்துத் தரப்படும்.

இந்த அமைப்பில் தேர்வாளர் இல்லை, சான்றிதழ் வழங்கும் வாரியம் இல்லை. யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்ற வழிமுறைதான் சான்று. எனவே ஒருவர் ‘ஆசான்’ என்று அழைக்கப்படுவது அவர் ஒரு குடும்பமரத்தில் எந்தக் கிளையில் இருக்கிறார் என்பதைச் சொல்லுமே தவிர, கூண்டுக்குள் பயிற்சி பெற்ற ஒரு வீரருக்கு எதிரே எத்தனை விநாடி நிற்பார் என்பதைச் சொல்லாது. செங்டு காணொளியில் தோற்றது தகுதிச் சான்று என்று நாம் தவறாக எடுத்துக்கொண்ட ஓர் உறவுச் சொல். தாமாகவே அச்சொல்லைச் சூட்டிக்கொண்டு வணிகம் நடத்துவோர் பெருகியதற்கும், கேட்க ஆளில்லாத இந்த அமைப்பே இடம் தந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஃபோஷான்: செல்வர் வீட்டுக் கலை

இப் மேன் 1893 அக்டோபர் 1 அன்று குவாங்டோங் மாகாணத்தின் ஃபோஷான் நகரில், நிலபுலமும் வணிகமும் உடைய குடும்பத்தில் பிறந்தார். மட்பாண்டம், இரும்பு வார்ப்பு, துணி ஆகிய தொழில்களால் செழித்த நகரம் அது. அந்நகரில் எந்தக் கலையை யார் கற்றனர் என்பதில் வர்க்க வேறுபாடு தெளிவாக இருந்தது. தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகக் கற்றது ‘சோய் லி ஃபுட்’ என்ற கலை. அதன் ஹுங் சிங் சங்கம் தொழிலாளர் அரசியலோடும் நெருங்கியிருந்தது. இப் மேன் கற்ற விங் சுன் அதற்கு நேர்மாறாக, மிகச் சிலரே பெருங்கட்டணம் செலுத்திக் கற்ற கலை.

விங் சுன்னை ஃபோஷானில் நிலைநிறுத்திய லியுங் ஜான் ஒரு மூலிகை மருந்துக் கடை உரிமையாளர். கலை அவருக்குப் பிழைப்பு அல்ல. தம் மகன்களுக்கும் ஓரிருவருக்கும் மட்டுமே சொல்லிக்கொடுத்தார். அந்த ஓரிருவருள் ஒருவர் சான் வா ஷுன். கடைத்தெருவில் நாணயம் மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். அதனால் ஊரார் அவரைக் ‘காசு மாற்றும் வா’ என்றே அழைத்தனர். முதுமையில் அவர் பயிற்சிக்கு வாடகைக்கு எடுத்த இடம் இப் குடும்பத்தின் முன்னோர் மண்டபம். வீட்டு மண்டபத்தில் நாள்தோறும் நடந்த பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் தானும் கற்க விரும்பியதில் வியப்பில்லை. சான் வா ஷுன்னின் 16ஆவது சீடர், கடைசிச் சீடர் என்று மரபு அவரைக் குறிக்கிறது. முதியவரான சான் சில ஆண்டுகளில் இறந்துவிடவே, மூத்த சீடரான இங் சுங் சோக்கிடம் சிறுவனின் பயிற்சி தொடர்ந்தது.

பதினைந்து, பதினாறு வயதில் இப் மேன் ஹாங்காங் சென்று, வசதி படைத்தோர் பிள்ளைகள் படித்த செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே லியுங் ஜானின் மகன் லியுங் பிக்கைச் சந்தித்து, தம் ஆசானே அறியாத நுட்பங்களைக் கற்றார் என்பது அவர் வழிவந்தோர் சொல்வது. ஆய்வாளர்கள் சிலர் இச்சந்திப்பையே ஐயத்துடன் நோக்குகின்றனர். வழிமுறையே சான்றாக உள்ள உலகில், மூல ஆசானின் மகனிடமே நேரடியாகக் கற்றேன் என்ற கூற்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நினைத்தால், அந்த ஐயத்துக்கான காரணமும் புரியும்.

பின்னர் ஃபோஷான் திரும்பிய அவர் பள்ளி திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் இல்லை. சொத்து இருந்தது, நண்பர்களோடு பயிற்சி செய்தார், காவல்துறையில் பணியாற்றினார். நற்குடியில் பிறந்தவர் கலையை விற்பது இழிவு என்று எண்ணிய சூழலும் அதற்குத் துணைநின்றது.

போர் எதை மாற்றியது

1938 அக்டோபரில் ஜப்பானியப் படை ஃபோஷானைக் கைப்பற்றியது. படங்களில் இப் மேன் ஜப்பானியத் தளபதியுடன் மேடையில் மோதி வெல்வது இக்காலத்தில்தான். அது கற்பனை. நடந்தது இதைவிட எளியது: குடும்பத்தின் செல்வம் கரைந்தது, உணவுக்கே முட்டுப்பாடு வந்தது, உதவியவர்களுக்கு நன்றியாக ஒரு பருத்தி ஆலையில் விரல்விட்டு எண்ணத்தக்க இளைஞர்களுக்குக் கற்பித்தார். குவோக் ஃபு, லுன் காய் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இந்தச் சிறு குழுவே ஃபோஷானில் அவர் விட்டுச்சென்ற நேரடி வழிமரபு.

போருக்குப் பிறகு மீண்டும் காவல்துறைப் பணி. அது கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தேசியவாதக் கட்சியான கோமின்டாங் ஆட்சியின் காவல்துறை என்பதே 1949-இல் அவருக்கு ஆபத்தாயிற்று. கம்யூனிஸ்டுப் படை குவாங்டோங்கை நெருங்கியபோது, நிலம் உடையவர், பழைய ஆட்சியின் அதிகாரி என்ற இரட்டை அடையாளத்தோடு அங்கே இருப்பது அறிவுடைமையாகாது. மக்காவ் வழியாக ஹாங்காங் போய்ச் சேர்ந்தார். மனைவி சியுங் விங் சிங்கும் பிள்ளைகளும் ஃபோஷானில். சில காலத்தில் எல்லை மூடப்பட்டது. மனைவி 1960-இல் இறந்தார். கணவரை மீண்டும் பார்க்கவில்லை. மகன்கள் இப் சுன், இப் சிங் இருவரும் தந்தையிடம் வந்து சேர்ந்தது 1962-இல்.

ஹாங்காங்: தேவை உருவாக்கிய ஆசான்

1945-இல் சுமார் 6 லட்சமாக இருந்த ஹாங்காங் மக்கள்தொகை, 1950களின் தொடக்கத்தில் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் கையில் ஒன்றுமில்லாதவர்கள். 56 வயதான இப் மேனும் அவர்களுள் ஒருவர். விற்கத்தக்கதாக அவரிடம் மிஞ்சியிருந்தது, வாழ்நாள் முழுவதும் விற்காமல் வைத்திருந்த ஒன்றுதான்.

1950-இல், லீ மான் என்ற நண்பரின் ஏற்பாட்டில், ஷாம் ஷூய் போ பகுதியில் இருந்த உணவகத் தொழிலாளர் சங்கத்தில் முதல் வகுப்பு தொடங்கியது. சங்கத்தைச் சேர்ந்த லியுங் ஷியுங் ஏற்கெனவே வேறு கலைகளில் தேர்ந்தவர், வாட்டசாட்டமானவர். மெலிந்து குள்ளமாக இருந்த புதியவரின் கையைத் தொட்டுப் பார்த்த பிறகே அவர் மாணவரானார் என்பது சீடர்கள் சொல்லும் செய்தி. லோக் யியு, சூ ஷோங் டின் ஆகியோர் அடுத்தடுத்து வந்தனர்.

ஃபோஷானில் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கற்ற கலை, இங்கே தட்டு சுமப்பவர்களும் பாத்திரம் கழுவுபவர்களும் பணிநேரம் முடிந்து வந்து கற்கும் கலையாயிற்று. விங் சுன் உலகக் கலையானதற்கு அடிப்படையான திருப்பம் இதுவே என்பது என் கருத்து. அதை நிகழ்த்தியது தத்துவம் எதுவுமன்று, சோற்றுக் கவலை.

வருமானம் நிலையாக இல்லை. சேர்ந்தவர்களுள் பலர் ஓரிரு மாதங்களில் நின்றுவிட்டனர். அதற்குக் காரணம் முதல் பாடத்திலேயே இருக்கிறது. ‘சியு நிம் தாவ்’ என்னும் அந்த முதல் தொடரில் கால் ஓர் அங்குலமும் நகராது. இரு பாதங்களையும் உள்நோக்கித் திருப்பி, முழங்கால்களுக்கிடையே ஓர் ஆட்டைக் கிடுக்கிப் பிடித்திருப்பதுபோல் நின்று, ஒரு கையை மார்பின் நடுக்கோட்டிலிருந்து நத்தை வேகத்தில் முன்னே நீட்டி, அதே வேகத்தில் திரும்ப இழுக்க வேண்டும். பிறகு மீண்டும். பத்து மணிநேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வந்த பணியாளருக்கு, மாதக்கணக்கில் இதையே செய் என்றால் பொறுமை எங்கிருந்து வரும்? மாணவர் குறைந்தால் வாடகை தடுமாறும். பள்ளி இடம் மாறும். காசல் பீக் சாலை, யாவ் மா டெய் பகுதியின் லீ டாட் தெரு என்று அவர் பள்ளி பலமுறை இடம்பெயர்ந்தது.

கற்பித்தலில் ஏற்பட்ட மாற்றங்கள்

புதிய சூழல் பாடத்திட்டத்தையும் மாற்றியது. முக்கியமானவை நான்கு.

1. மொழி எளிமையாயிற்று. ஐந்து மூலகங்கள், எட்டுக் குறிகள் போன்ற பழஞ்சீனத் தத்துவச் சொற்களைக் கைவிட்டு, கோணம், தூரம், நடுக்கோடு என்று அவர் விளக்கினார். ஹாங்காங்கின் ஆங்கிலவழிப் பள்ளி இளைஞர்களுக்கு இது உடனே புரிந்தது.

2. ‘சி சாவ்’ என்ற ஒட்டுக்கைப் பயிற்சி நடுநாயகமாயிற்று. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளைத் தொட்டபடி உருட்டுவர். ஒரு கை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும். மற்றது முழங்கை உயர்ந்து சிறகுபோல் மடியும். கண் பார்க்கும் முன்பே தோல் உணர வேண்டும். எதிராளியின் அழுத்தம் தளரும் கணத்தில், தடை நீங்கிய நீர்போலக் கை தானாக முன்னே செல்ல வேண்டும். தனியே செய்யும் தொடர்களில் சலித்தவர்களைப் பள்ளியில் தக்கவைத்தது இந்த விளையாட்டுத்தன்மையே.

3. மரப்பொம்மை சுவரேறியது. மூன்று கைகளும் ஒரு காலும் உடைய அந்த மரக்கட்டை ஃபோஷானில் தரையில் புதைத்து நடப்பட்டது. அடுக்குமாடியில் புதைப்பதற்குத் தரை ஏது? இரண்டு குறுக்குச் சட்டங்களில் கோத்துச் சுவரில் பொருத்தும் முறை ஹாங்காங்கில் உருவானது. சட்டங்கள் வளைந்து கொடுப்பதால், அடித்தால் சற்றே பின்வாங்கித் திரும்பும் தன்மை பொம்மைக்கு வந்தது. இன்று உலகெங்கும் காணப்படும் பொம்மை இந்த வாடகை வீட்டு வடிவம்தான்.

4. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கமாயிற்று. இதனால் ஒரே ஆசானிடம் கற்றவர்களின் கைகளிலேயே வேறுபாடுகள் தோன்றின.

ஒரு தீவிபத்தும் ஒரு மோதலும்

1953 கிறிஸ்துமஸ் இரவில், ஷாம் ஷூய் போவை அடுத்த ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து, ஏறக்குறைய 53,000 பேர் வீடிழந்தனர். அவர்களுக்கு நிதி திரட்ட 1954 ஜனவரி 17 அன்று மக்காவில் ஒரு போட்டி நடந்தது. தாய்ச்சி ஆசான் வு கோங்யீயும் வெண்கொக்கு மரபின் சான் ஹாக் ஃபூவும் மேடையேறினர். இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தினர்; வென்றவர் அறிவிக்கப்படவில்லை. சண்டை என்ற அளவில் அது அழகானதன்று. ஆயினும் ஊர் முழுவதும் அதே பேச்சு. மூன்றே நாள்களில் ஹாங்காங்கின் மாலை நாளிதழ் ஒன்று வீரசாகசத் தொடர்கதை ஒன்றைத் தொடங்கியது. அவ்வகைக் கதைகளின் புதிய அலை அங்கிருந்து எழுந்தது. இளைஞர்கள் பயிற்சிக் கூடங்களைத் தேடி ஓடினர். மொட்டைமாடிகளில் பள்ளிக்குப் பள்ளி இரகசியமாக மோதும் வழக்கமும் வலுப்பெற்றது.

இப் மேனின் பெயர் பரவியதற்கு இம்மோதல்களும் ஒரு காரணம். ஆனால் மோதியவர் அவரல்லர். மாணவர் வோங் ஷுன் லியுங் இத்தகைய சண்டைகளில் பெயர் பெற்றார். அக்காலத்தில் சேர்ந்தவர்களுள் ஒருவர்தான் பின்னாளில் புரூஸ் லீ என்று உலகம் அறிந்த இளைஞர். அவருக்குப் பெரும்பகுதி பயிற்சி அளித்தவரும் வோங்தான். 1959-இல் புரூஸ் லீ அமெரிக்கா சென்றார். அவர் புகழ் ஏற ஏற, ‘புரூஸ் லீயின் ஆசான்’ என்ற அடைமொழி இப் மேனை ஒட்டிக்கொண்டது. தந்தையின் பெயரால் மகன் அறியப்பட வேண்டிய மரபில், இங்கே மகனின் பெயரால் தந்தை அறியப்பட்டார்.

தொடக்கக் கதை எவ்வளவு பழையது?

வழிமுறையே சான்று என்றால், மரத்தின் வேர் எங்கே என்ற கேள்வி எழும். விங் சுன் மரபு சொல்வது இது: ஷாவோலின் கோயில் அழிவிலிருந்து தப்பிய இங் முய் என்ற பிக்குணி, யிம் விங் சுன் என்ற பெண்ணுக்கு இக்கலையைக் கற்பித்தார், அவள் பெயரே கலைக்கு வந்தது. இப் மேனே இதை எழுத்தில் விட்டுச்சென்றார். சிக்கல் என்னவென்றால், இங் முய் என்ற பாத்திரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த ஒரு சாகச நாவலில் காணப்படுகிறது. அங்கே அவர் ஷாவோலினுக்கு எதிரான அணியில் நிற்கிறார். வில்லி எப்படியோ மூதாதையாகியிருக்கிறார். வரலாற்றில் உறுதியாகக் கால்பதிக்க முடிகிற முதல் மனிதர் மருந்துக் கடை லியுங் ஜான்தான்.

நம் வாசகர்கள் பலருக்கு இங்கே போதிதருமர் நினைவுக்கு வருவார். காஞ்சியிலிருந்து சென்ற அவரே ஷாவோலினில் சண்டைக் கலையை விதைத்தார் என்பது தமிழ்நாட்டில் வேரூன்றிய நம்பிக்கை. அவரை இக்கலையோடு இணைக்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்தையது. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்ற பௌத்தத் துறவி என்ற அளவில் அவர் பெருமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை.

விளைவுகள்: சங்கமும் எழுத்துக்கூட்டலும் ஒரு படச்சுருளும்

1967-இல் இப் மேனும் மாணவர்களும் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்தனர். முதியவருக்கு நிலையான வருவாய் கிடைக்கச் செய்வதும் நோக்கங்களுள் ஒன்று. கட்டணத்தில் ஒரு பகுதி அபினுக்குச் சென்றது என்று மாணவர் ஒருவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். படங்களின் மாசற்ற நாயகனை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். அவர் பிறந்த தலைமுறையின் தென்சீனச் செல்வர் வீடுகளில் அப்பழக்கம் அரிதன்று.

அச்சங்கம் தன் பெயரை ஆங்கிலத்தில் ‘Wing Chun’ என்று வழக்கம்போல் எழுதாமல், ‘வி’, ‘டி’ என்ற முதலெழுத்துகள் வரும்படி ‘Ving Tsun’ என்று எழுதியது. வழக்கமான எழுத்துக்கூட்டலின் முதலெழுத்துகளான ‘டபிள்யூ.சி.’ ஆங்கிலேயர் ஆண்ட ஊரில் கழிப்பறையைக் குறிக்கும் என்பதே சொல்லப்படும் காரணம். பிறகு வேறொரு கிளை மூன்றாவது எழுத்துக்கூட்டலைத் தன் வணிக அடையாளமாக்கிக்கொண்டது. இணையத்தில் மூன்று விதமாக எழுதப்படுவது மூன்று கலைகள் அல்ல. ஒரே முதியவரின் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்ட தடயம்.

1972-இல் தொண்டைப் புற்றுநோயால் நலிந்திருந்த இப் மேனை, அவர் வீட்டிலேயே, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் 8 மி.மீ. படச்சுருளில் பதிவு செய்தனர். ஒலி இல்லை. மெலிந்து ஒடுங்கிய அந்த உடல் முதல் தொடரைச் செய்கிறது, இரண்டாவதான ‘சும் கியு’வைச் செய்கிறது, மரப்பொம்மையோடு சற்று நேரம் நிற்கிறது. அவ்வளவுதான். டிசம்பர் 2 அன்று 79 வயதில் அவர் காலமானார்.

மூன்றாவது தொடரான ‘பியு ஜீ’ அந்தச் சுருளில் இல்லை. நீள்கம்பும் இரட்டைக் கத்தியும் இல்லை. பதிவானவற்றில் கிளைகளுக்குள் வாதம் வந்தால், கணினித் திரையில் சுருளை நிறுத்தி முழங்கையின் உயரத்தைச் சுட்டிக்காட்ட முடிகிறது. பதிவாகாத ‘பியு ஜீ’யை ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது, ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு கிளையிலும் கிடைக்கும் விடை ஒன்றே: “எங்கள் சிகுங் எங்கள் சிஃபுவுக்கு இப்படித்தான் காட்டினார்.”